தண்ணீர் குடித்த இறால்

காசிமேட்டில் ஏலம் முடிந்து கூடை கூடையாக இறால் ஆட்டோக்களில் வந்து இறங்கும் நேரத்தில், அந்தச் சந்து முழுக்க ஐஸ் உருகிய தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ராயபுரத்தில் கிருஷ்ணப்பனின் இறால் ஷெட் சந்தின் கடைசியில் இருந்தது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, சுவரோரமாக நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டிகள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவி எறிவார்கள். அவர்கள் எல்லாருக்கும் சூப்பர்வைசர் ஐரீன்.

உரித்த இறாலைத் தொட்டியில் கொட்டுவதும், அதில் வெள்ளைப் பவுடரைக் கரைப்பதும் ஐரீனின் வேலை. அந்த வேலையை மட்டும் அவள் வேறு யாரிடமும் விடமாட்டாள். பவுடர் கரைந்த தண்ணீரில் கையை விட்டால் சவுக்காரம் போட்டதுபோல வழவழக்கும். சாயங்காலம் ஊறப்போட்ட இறால் மறுநாள் காலையில் பார்க்கும்போது கொழுகொழுவென்று உப்பி, கண்ணாடிபோல மின்னும்.

ஏரிகள் எல்லாம் வறண்டு, பட்டணமே லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த வருடம் அது. குப்பம்மா என்ற இறால் உரிக்கிற பெண் ஒரு நாள் மூட்டையின் அடியில் சிந்திக் கிடந்த பவுடரை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளினாள்.

"இத்த கொஞ்சம் வூட்டுக்கு எட்த்துகினு போறேன்க்கா. எங்க போர் தண்ணில எந்த சோப்ப போட்டாலும் நொரையே வர்ல. இதுல ஒரு கை போட்டா பொங்கிகினு வர்து. துணில அழுக்கு சும்மா கழண்டுகினு போவுது."

"நாம துணி தொவைக்கிறதும் இத்தான், ஓட்டல்ல அவுங்க துன்றதும் இத்தானா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள். ஐரீன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் பவுடருக்குச் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று பெயர். பாஸ்பேட் உப்பு வகையில் ஒன்று. அது ஒன்றும் கெட்ட சரக்கு இல்லை. உப்புத் தண்ணீரில் சோப்பை நுரைக்கவிடாமல் செய்கிற சுண்ணாம்புச் சத்தை அது பிடித்துக் கட்டிவைத்துவிடும். அதனால் சோப்புப் பவுடர் செய்கிறவர்கள் அதைக் கலக்கிறார்கள். பாய்லருக்குள் சுண்ணாம்பு பாறையாகப் படியாமல் இருக்க அதைப் போடுவார்கள். கறியிலும் மீனிலும் சேர்த்தால், சதைக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கும்; ஐஸில் வைத்து எடுத்த இறால் சக்கையாகப் போகாது. ஐரீன் முன்பு வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியிலும் அதைப் போட்டார்கள். ஆனால் அங்கே உணவுக்கென்றே சுத்தம் செய்த பவுடர் வரும். ஐஸ் தண்ணீரில் அளந்து போட்டு, கொஞ்ச நேரத்திலேயே இறாலை எடுத்துவிடுவார்கள். பெட்டியின்மேல் அதன் பெயரையும் அச்சடித்து ஒட்டுவார்கள்.

கிருஷ்ணப்பனின் ஷெட்டிலும் ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது. பிறகு ஒரு நாள் வேறு மூட்டைகள் வந்து இறங்கின. திருவொற்றியூரில் சோப்புப் பவுடர் செய்கிற குடோனிலிருந்து வந்தவை. உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மூட்டையிலேயே ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அன்றைக்கு ஐரீன் முதலாளியிடம் போய் நின்றாள்.

"மொதலாளி, இது தொழிற்சாலைக்கு போற மூட்டையா கீது. இத்த எப்டி எறாவுல போடுறது?"

கிருஷ்ணப்பன் சிரித்தார். "ரெண்டும் ஒரே உப்புதாம்மா. அது குளிச்சிட்டு வந்துது, இது குளிக்காம வந்துகீது. அவ்ளோதான் வித்தியாசம். ஓட்டல்காரன் இன்னா கேக்குறான்? எறா குண்டா, பளபளன்னு இருக்கணும்னு கேக்குறான். நாம குடுக்குறோம். ராத்திரி முச்சூடும் ஊறட்டும்." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "நாளைக்கு உன் புருசன் ராசையாவுக்கு டயாலிசிஸ் இல்ல? வண்டிய சீக்கிரமா வரச் சொல்றேன். வெயில்ல அலைய வெக்காத" என்றார்.

ஐரீன் தலையாட்டிவிட்டு வந்து மூட்டையைப் பிரித்தாள்.

கிருஷ்ணப்பன் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அப்படி இல்லை. அவளுடைய கணவன் ராசையா விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவன். பிரஷரைக் கவனிக்காமல் விட்டு இரண்டு சிறுநீரகங்களும் போய், முகமும் காலும் வீங்கி மூச்சுக்குத் திணறி விழுந்தபோது, அவனைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் கிருஷ்ணப்பன்தான். யார் யாரையோ பார்த்துப் பேசி டயாலிசிஸுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. வாரத்தில் இரண்டு நாள், ஓட்டல்களுக்குச் சரக்கு கொண்டுபோகிற வேனிலேயே ராசையாவையும் ஐரீனையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார்கள். திரும்பும்போது ஏற்றிக்கொள்வார்கள். அதற்காக அவர் ஒரு சொல்லும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு நாள் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

வேனில் முன்சீட்டில் டிரைவர் லோகநாதனுக்குப் பக்கத்தில் ராசையா. பின்னால் இறால் டப்பாக்களுக்கு நடுவில் ஐரீன். வண்டி குலுங்கும்போதெல்லாம் டப்பாக்கள் அவள் முழங்காலை இடிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அதன் எதிர்ப்பக்கத்தில் அமீருதீன் பாய் நடத்துகிற மெஸ்ஸில் வண்டி நிற்கும். லோகநாதன் ஒரு டப்பாவை இறக்கி உள்ளே கொண்டுபோவான். அந்த மெஸ்ஸின் இறால் வறுவலுக்குக் கூட்டம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் சாப்பிடுவார்கள். டப்பா இறங்குகிறவரை ஐரீன் சாலையைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விரல் நுனிகள் எல்லாம் வெளுத்து, வெடித்துப் போயிருக்கும்.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்ச். அங்கேதான் செங்கொடி அவளுக்குப் பழக்கமானாள். வியாசர்பாடிக்காரி. டெலிபோன் ஆபீஸில் அட்டெண்டர். அவளுடைய ஒரே மகள் ஷாலு, பி.காம் இரண்டாம் வருடத்தில் படிப்பை நிறுத்திவிட்டு, ராசையாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவள். கையில் ஊசி ஏற்றியிருக்கும்போதும் வாய் ஓயாமல் பேசுவாள். ராசையாவை மாமா என்பாள், கடலைப் பற்றிக் கேட்பாள். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத ராசையா அவளிடம் மட்டும் படகுக் கதைகள் சொல்வான்.

"இன்னாத்த குட்த்தாலும் துன்ன மாட்டேங்குது இந்தப் பொண்ணு" என்று செங்கொடி ஒரு நாள் சொன்னாள். "சத்து வேணும், முட்ட வெள்ள, கொஞ்சமா மீனு, எறா குடுக்கலாம்னு டாக்டரே சொல்லிகீறாரு. பாய் கடை எறா வறுவல்னா மட்டும் துன்னுது. அத்தொட்டு நான் வூட்டுக்கும் வாங்கிகினு போறேன். ஆபீஸ் முடிஞ்சி வரசொல்ல இங்க எறங்கி வாங்கிகினுதான் போவேன். பாதி நாளு அத்த வெச்சிதான் சோறு எறங்குது அதுக்கு."

கிட்னி போனவர்களுக்குப் பாஸ்பேட் ஆகாது என்று ராசையாவைச் சேர்த்தபோதே ஐரீனிடம் சொல்லியிருந்தார்கள். "வெளில வாங்காத. பச்சையா வாங்கி வூட்ல ஆக்கிக் குடேன்" என்று மட்டும் சொன்னாள்.

"எனுக்கு எங்கக்கா நேரம் கீது?"



அந்த மாதம் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் இரண்டு குடும்பத்தையும் ஒன்றாகவே கூப்பிட்டார். இளவயதுக்காரர், பொறுமையாகப் பேசுகிறவர். முதலில் ராசையாவின் காகிதத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு பாஸ்பரஸ் நல்லா கட்டுப்பாட்டுல இருக்கும்மா. சாப்பாட்ட ஒழுங்கா பாத்துக்கறீங்க. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல."

பிறகு செங்கொடியின் பக்கம் திரும்பினார். அவர் முகம் மாறியது. "ஏம்மா, எத்தன தடவ சொல்றது? உங்க பொண்ணுக்கு ஏறிக்கிட்டே போகுது. பால் குடுக்கறீங்களா? வேர்க்கடல, பருப்பு, கருவாடு?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

"அப்ப எங்கேர்ந்து வருது? நல்ல கிட்னி இருந்தா கூடுதலா சேர்ற பாஸ்பேட்ட சிறுநீர்ல தள்ளிடும். இவங்களுக்கு அது முடியாது. மெஷினும் கொஞ்சம்தான் எடுக்கும். மிச்சம் ரத்தத்துலயே நிக்கும். எலும்புல இருக்கற சுண்ணாம்ப இழுக்கும், ரத்தக் குழாய்ல போய்ப் படியும். பொண்ணு உடம்ப பாருங்க, சொறிஞ்சு சொறிஞ்சு எப்படி ஆயிருக்குன்னு. இயற்கையா பருப்புலயும் கறியிலயும் இருக்கறதுல பாதிதான் உடம்புல சேரும். ஆனா பாக்கெட் சாப்பாடு, பதப்படுத்தின கறி, இதுல உப்பா கலக்கறாங்க பாருங்க, அது கிட்டத்தட்ட அத்தனையும் நேரா ரத்தத்துக்குப் போயிடும். அம்மா நீங்கதான் கவனிக்கணும். நீங்க கவனிக்கலேன்னா நான் என்ன மருந்து குடுத்தும் புண்ணியமில்ல."

செங்கொடி தாழ்வாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"நான் இன்னா தப்புக்கா பண்ணேன்? அவரு சொன்ன ஒண்ணத்தயும் நான் மீறலியே. ஒரு சொட்டு பால காட்டல. பெத்தவளே கொல்றா மாதிரி பேசுறாரே."

ஐரீன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிய விரல்கள் பாஸ்பேட் தண்ணீரில் வெடித்த விரல்கள். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் லோகநாதன் ஹாரன் அடித்தான். ராசையா சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தான். அவனைத் தாங்கி வேனில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினாள். காலியான இறால் டப்பாக்களுக்கு நடுவில் தானும் ஏறி உட்கார்ந்தாள். கதவு சாத்தப்பட்டது.

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. சொன்னால் வேலை போகும், வேன் போகும். டயாலிசிஸ் முடிந்ததும் ராசையாவால் நாலு அடி சேர்ந்தாற்போல நடக்க முடியாது. கூட்டத்தில் பஸ் ஏறுவது எப்படி? ஷெட்டை மூடிவிட்டால் அத்தனை பெண்களுக்கும் வேலை இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதருக்குத் துரோகம். சொல்லாவிட்டால் ஷாலு. இதற்கு நடுவில் ஒரு வழி இருக்காதா என்று தேடினாள்.

பாய் கடைக்குப் போகும் டப்பாவில் மட்டும் ஊறப்போடாத இறாலை வைத்து அனுப்பினாள். மறுநாளே கிருஷ்ணப்பன் கூப்பிட்டார்.

"ஐரீனு, பாய் கடைக்கு போன சரக்கு ஒல்லியா கீதாமே. அவரே கேக்குறாரு, எறாவுக்கு ஒடம்பு சரியில்லியான்னு." கோபமே இல்லாமல் சொன்னார். "இனிமே லோகநாதனையே டப்பா எடுத்து வெக்கச் சொல்லிட்டேன். உனுக்கு ஏற்கனவே ஆயிரம் பேஜாரு. இதையும் நீ ஏன் பாத்துகினு?"

அவர் எல்லாம் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று ஐரீனுக்கு விளங்கவில்லை. இருந்த ஒரு சந்தும் அடைபட்டுவிட்டது என்பது மட்டும் விளங்கியது.

அடுத்த டயாலிசிஸ் அன்று, பாய் கடை டப்பாவைத் திரும்பி வரும்போதுதான் இறக்கப்போவதாகவும், வேன் வர நேரமாகும் என்றும் லோகநாதன் சொல்லியிருந்தான். சிகிச்சை முடிந்து நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஷாலு முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அதற்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே இருந்தாள். மணிக்கட்டில் இரத்தம் காய்ந்து வரி வரியாகத் தெரிந்தது.

"தோல அப்டியே உரிச்சிப் போட்டுட்லாம் போலக் கீது ஆன்ட்டி" என்று சிரிக்கப் பார்த்தாள். "ஒடம்பு முச்சூடும் எறும்பு ஓடுது."

செங்கொடி மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தாள். மிளகு வாசனை வந்தது. ஷாலு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தை ராசையாவின் பக்கம் நீட்டினாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க. கடல்ல எவ்ளோ எறா புட்ச்சிருப்பீங்க. இத்த துன்னு பாத்து எப்டி கீதுன்னு சொல்லுங்க."

ராசையா கூச்சத்தோடு சிரித்தபடி கையை நீட்டினான். ஒரு இறாலை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான்.

"ஐயோ, அத்த துன்னாதய்யா!"

ஐரீன் அவன் கையைத் தட்டிவிட்டாள். இறால் தெறித்துத் தரையில் விழுந்தது. தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் நின்று திரும்பிப் பார்த்தாள். ஐரீன் தன் கையையே பார்த்தாள். அது தானாகவே செய்த வேலை. மூளையைக் கேட்டுச் செய்யவில்லை.

செங்கொடி தரையில் கிடந்த இறாலைப் பார்த்தாள், ஐரீனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவரு துன்னக் கூடாதுக்கா. சரி. எம் பொண்ணு துன்னலாமா?"

ஐரீன் குனிந்து தரையில் கிடந்த இறாலை எடுத்தாள்.

"இன்னா கீது இதுல? சொல்லு."

ஐரீன் சொன்னாள். சோப்புப் பவுடர் குடோனிலிருந்து வருகிற மூட்டை, இராத்திரி முழுக்க ஊறுகிற தொட்டி, அதைத் தினமும் கலக்குகிற தன் கை, மெஸ்ஸில் இறங்குகிற டப்பா. சொல்லச் சொல்லச் செங்கொடியின் முகம் கல்லாகிக்கொண்டே போனது.

"உங்க வூட்ல அந்த எறாவ ஆக்குவியா?"

"ஒரு நாளும் ஆக்கினதில்ல."

"டாக்டரு என்னிய அந்தக் கேள்வி கேக்கசொல்ல நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த? நான் அழுவசொல்ல என் முதுவ தடவிக் குட்த்தியே. அப்பவும் தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினு தடவிக் குட்த்தியா?"

ஷாலு பொட்டலத்தை மடித்துப் பெஞ்சின் அடியில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் மறுபடியும் கையைச் சொறிய ஆரம்பித்தாள்.

செங்கொடி ஐரீனின் கையைப் பிடித்து எழுப்பி, தரதரவென்று சாலையைக் கடந்து மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த நேரத்தில்தான் லோகநாதன் வேனிலிருந்து டப்பாவை இறக்கிக்கொண்டிருந்தான். கல்லாவில் இருந்த அமீருதீன் பாய் எழுந்து வந்தார்.

"பாய், இந்த எறாவ எண்ண ஊத்தாம, தண்ணி ஊத்தாம சட்டில போட்டுப் பாருங்க" என்றாள் ஐரீன்.

பாய் விவரம் கேட்கவில்லை. ஒரு கை இறாலை அள்ளி, காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் சட்டி நிறையத் தண்ணீர் விட்டது. ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டியது. கட்டைவிரல் பருமனில் இருந்த இறால்கள் சுருண்டு சுண்டுவிரல் அளவுக்கு வந்தன.

"நான் ஐஸ் தண்ணின்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார் பாய். ஐரீன் சொன்னதை முழுக்கக் கேட்டபின் அவர் முகம் வெளிறிப்போனது. "எங்க கடைல துன்றவங்கள்ல பாதிப் பேரு நோயாளிங்கம்மா. வயித்துக்கு ஒத்துக்கும்னு நம்பி வராங்க. குண்டு எறா குண்டு எறான்னு கேட்டு நானும்தான வாங்கிகினு இருந்தேன்?" டப்பாவை மூடி லோகநாதனின் கையில் கொடுத்தார். "எட்த்துகினு போ. இனிமே வேணாம்னு சொல்லு. காரணத்த நானே வந்து சொல்றேன்னு சொல்லு."

லோகநாதன் டப்பாவை வைத்துக்கொண்டு ஐரீனை முறைத்தான். "இன்னாக்கா பண்ட்ட நீ? மொதலாளிக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்?" வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் ராசையாவுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்காதவன், கதவைத் தாண்டியதும் வெடித்தான்.

"வாய மூடிகினு இருக்கத் தெரியாதா உனுக்கு? வண்டி இல்லாம நான் எப்டி போவேன்? ஒரு நாளு போவலன்னா தண்ணி ஏறி செத்துப் பூடுவேன், தெரியுமில்ல? காலைல போயி மொதலாளி கால்ல வுழு. தெரியாம பண்ட்டேன்னு சொல்லு."

அவன் கோபத்தில் பேசவில்லை, பயத்தில் பேசினான். அது அவளுக்குத் தெரிந்தது. அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"நீ பொழைக்கணும்னுதான்யா இத்தினி நாளு வாய மூடிகினு இருந்தேன். அந்தப் பொண்ணு உன்ன மாமான்னு கூப்புடுது. அத்த சாவடிச்சி உன்ன பொழைக்க வெக்கணுமா? நீயே சொல்லு."

ராசையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலையில் ஐரீன் ஷெட்டுக்குப் போனாள். கிருஷ்ணப்பன் அவளுக்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"ராசையாவ நான் தூக்கிகினு ஓடுனப்ப அவன் யாரு எவன்னு கேட்டேனா நான்?" என்றார். "என்கிட்ட சொல்லிருந்தா பாய் கடைக்கு வேற சரக்கு குட்த்திருப்பேனே. தெருவுல வெச்சி என் மானத்த வாங்கிட்டியே."

"பாய் கடைக்கு வேற சரக்கு. மத்த கடைக்கு, கல்யாண வூட்டுக்கு? அங்க துன்றவன் எவனுக்கு கிட்னி போயிகீதுன்னு நமக்கு எப்டி மொதலாளி தெரியும்?"

"நான் ஒர்த்தன் நிறுத்துனா ஊர்ல எல்லாரும் நிறுத்திடுவானா? என் சரக்கு ஒல்லியா போனா நாளைக்கே பக்கத்து ஷெட்டுக்காரன் கிட்ட பூடுவாங்க. இதோ குந்திகினு கீறாங்களே, இவுங்களுக்கு யாரு வேல குடுப்பா? நீ குடுப்பியா?"

அது பொய்யில்லை. அவரும் ஒரு தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருக்கிற மனிதர்தான் என்று ஐரீனுக்குத் தோன்றியது. இரக்கம்கூட வந்தது. ஆனாலும் அவள் சுவரோரம் போய், முந்தின நாள் சாயங்காலம் இறால் போட்டிருந்த தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். வழவழத்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு தரையில் ஓடி, உரித்துக்கொண்டிருந்த பெண்களின் காலை நனைத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. குப்பம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர்களை ஐரீன் தப்பாக நினைக்கவில்லை. நேற்றுவரை அவளும் அப்படித்தான் இருந்தாள்.

"வூட்டுக்குப் போம்மா" என்றார் கிருஷ்ணப்பன்.

அதன் பிறகு வந்த நாட்கள் சுலபமாக இல்லை. ஆஸ்பத்திரி நாளில் பஸ் ஸ்டாப்பில் ராசையாவைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு நிற்பாள். காலியான பஸ் வரும்வரை வெயிலில் காத்திருப்பார்கள். அவன் வெகுநாள் அவளிடம் பேசவில்லை. காசிமேட்டில் காலையில் பச்சை இறாலாக வாங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழலில் உட்கார்ந்து தானே உரித்து, ஐஸில் மட்டும் வைத்து, அமீருதீன் பாய்க்குக் கொடுக்க ஆரம்பித்தாள். தட்டில் இறால் சின்னதாக இருக்கிறது என்று முறைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பாய் ஒவ்வொருவரிடமும் காரணம் சொன்னார்.

ஷாலுவுக்கு டாக்டர் மருந்தை மாற்றினார், வெளிச் சாப்பாட்டை நிறுத்தினார். பாஸ்பரஸ் மெல்ல இறங்கியது. சிறுநீரகம் திரும்பவில்லை, அது திரும்பாது. ஆனால் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். கையில் புண்கள் ஆறி, தழும்புகள் தெரிந்தன. செங்கொடி முன்போல ஐரீனிடம் மனம்விட்டுப் பேசவில்லை. எதிரே கண்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். அதற்குமேல் கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று ஐரீனும் இருந்துவிட்டாள்.

ஒரு நாள் காலை அவள் உரித்துக்கொண்டிருந்த இடத்தில் கிருஷ்ணப்பனின் வேன் வந்து நின்றது. அவரே இறங்கி வந்தார். ஆள் இளைத்திருந்தார். பாய் சொன்னது நாலு ஓட்டலுக்குப் பரவியிருந்தது.

"நான் உனுக்கு இன்னா கொற வெச்சேன், ஐரீனு?" என்று கேட்டார். சண்டைக்கு வந்தவர்போல இல்லை. தெரிந்துகொள்ள வந்தவர்போலக் கேட்டார்.

"ஒரு கொறையும் வெக்கல மொதலாளி. நீங்க எனுக்கு பண்ண நல்லதுக்கு நான் சாவுறமுட்டும் கடன்பட்டவ. ஆனா அந்த நன்றிய அந்தப் பொண்ணு ஒடம்புல இருந்து எட்த்துதான நான் உங்களுக்குக் காட்டிகினு இருந்தேன்."

அவர் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நல்ல மூட்டையே வாங்கிட்றேன். அளவா, நீ மின்ன போட்டா மாதிரி கொஞ்ச நேரம். நீயே வந்து பாத்துக்கோயேன்."

"பொட்டி மேல எய்தி ஒட்டுவீங்களா? இதுல இன்னா போட்டுகீது, எவ்ளோ போட்டுகீதுன்னு?"

"எய்தி ஒட்டுனா எவன் வாங்குவான்?"

"வாங்குறவன் வாங்கட்டும், வேணாங்குறவன் வுட்டுட்டு போவட்டும். ஒடம்பு அவுங்களுது மொதலாளி." ஐரீன் கையிலிருந்த இறாலைக் கீழே வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "அந்த உப்பு மேல குத்தமே இல்ல. துணிக்கு போட்டா துணிய வெளுக்கும், பாய்லருக்கு போட்டா பாய்லர காப்பாத்தும், அளவா போட்டா எறாவையும் காப்பாத்தும். துன்றவனுக்கு தெரியாம, அளவு இல்லாம கலக்குறோம் பாருங்க, அப்பதான் அது வெசமாவுது. கலக்குனவன் மட்டும் குத்தவாளி இல்ல. தெரிஞ்சிகினு, என் வேல, என் வூடு, என் புருசன்னு வாய மூடிகினு குந்தியிருந்தனே, நானும்தான் அத்த கலக்குனவ."